பந்தயம் முடிந்து உன் வீட்டுக்கு வரும் நாயைப் பற்றி

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். மருமகனுக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசிகளைச் சொல்.

ஓய்வு பெற்ற பந்தய கிரேஹவுண்ட் நாய் ஒன்றைத் தத்தெடுக்க விண்ணப்பம் கொடுத்திருப்பதாக நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைவாக இருக்கிறது. தொலைபேசியில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன். 2026 ஜூலை இறுதியோடு நாய்ப் பந்தயத்தை நிறுத்தப்போவதாக நியூசிலாந்து அரசு 2024 டிசம்பரில் அறிவித்தபோது, ஏறக்குறைய 2,900 பந்தய நாய்களுக்கு வீடு தேட வேண்டியிருக்கும் என்று கணக்குச் சொன்னது. வேலை போய்விட்டது என்பதற்காக அவற்றைக் கொன்றுவிடக் கூடாதென்று, அந்த அறிவிப்போடு சேர்த்தே நாடாளுமன்றத்தில் அவசரச் சட்டமும் நிறைவேறியது. உங்கள் கிறைஸ்ட்சர்ச்சின் அடிங்டன் தடத்தில் ஓடிய நாய்களும் அந்தக் கணக்கில் அடக்கம். அவற்றில் ஒன்றுக்கு இடம் கொடுக்க நீ முன்வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்: உன் வீட்டுக்கு வரப்போவது வளர்ந்த நாய், நான்கு வயது வரை உழைத்த நாய், இதுவரை ஒருநாள்கூட ஒரு வீட்டுக்குள் வாழ்ந்து பார்த்திராத நாய். நான் எழுதப்போகும் எல்லாமே இதிலிருந்து வருபவைதான்.

கோவில்பட்டிப் பக்கத்தில் நான் சிறுவனாக இருந்த காலத்தில் கன்னி நாயும் சிப்பிப்பாறை நாயும் பார்த்து வளர்ந்தவன். ஒட்டிய வயிறும் இறங்கிய மார்பும் நீண்ட முகமுமாக, உருவத்தில் அவை கிரேஹவுண்டுக்கு நெருங்கிய உறவு போலவே இருக்கும். அவையும் கண்ணால் கண்டு விரட்டும் முயல் வேட்டை நாய்கள்தான். ஆயினும் எங்கள் ஊரில் அந்த நாய்கள் குட்டியிலிருந்தே திண்ணையையும் கோழியையும் ஆட்டுக்குட்டியையும் அழுகிற குழந்தையையும் பார்த்தே வளர்ந்தன. பந்தய கிரேஹவுண்டுக்கு அந்த வாய்ப்பே இல்லை. அது தன் இனத்து நாய்களை மட்டுமே பார்த்து வளர்கிறது. பட்டியில் தூங்கி, குறித்த நேரத்தில் உண்டு, வண்டியில் ஏறித் தடத்துக்குப் போய், முப்பது வினாடிக்குள் ஓடி முடித்துவிட்டு மறுபடியும் பட்டிக்குத் திரும்புகிறது. ஏறக்குறைய ஒன்றரை வயதில் ஓடத் தொடங்கி, நான்கு ஐந்து வயதுக்குள், அடிபட்டோ வேகம் குறைந்தோ, அதன் தொழில் முடிந்துவிடுகிறது. அந்த இனத்தின் ஆயுளோ பத்து முதல் பதினான்கு ஆண்டுகள்.

மருமகன் கேட்டதாகச் சொன்னாய்: “ஓடுவதுதானே அந்த நாய்க்குப் பிடித்த வேலை, அதில் என்ன கொடுமை?” நியாயமான கேள்வி. ஓடுவது அதற்குப் பிடிக்கும் என்பதை நானும் மறுக்கவில்லை. முழு வேகத்தில் ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பும். மணிக்கு 65, 70 கிலோமீட்டர் வேகத்தைச் சில எட்டுகளிலேயே தொட்டுவிடும். திறந்த வெளியில் ஒரு கிரேஹவுண்ட் தானாக விரும்பி ஓடுவதைப் பார்ப்பது எனக்கு இன்றும் பேரானந்தம். கேடு ஓட்டத்தில் இல்லை, தடத்தின் வளைவில் இருக்கிறது. ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்ற அமெரிக்கர், இயந்திரத்தால் ஓடும் போலி முயலை வைத்து 1919இல் கலிபோர்னியாவின் எமரிவில்லில் வட்டத் தடத்தைத் திறந்தார். 1926இல் அது மான்செஸ்டரின் பெல் வியூவுக்கு வந்தது. பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் பரவியது. பார்வையாளர்கள் ஓரிடத்தில் அமர்ந்து முழு ஓட்டத்தையும் பார்க்க வேண்டும், பார்த்துப் பணம் கட்ட வேண்டும் என்பதற்காக வந்த வடிவம் அது. நாங்கள் இருக்கும் இந்த ஆஸ்திரேலியாவில் எட்டு நாய்கள் பெட்டியிலிருந்து ஒரே கணத்தில் பாய்ந்து, முதல் வளைவில் ஒரே உட்கோட்டுக்காக முண்டியடிக்கின்றன. நெரிசலும் வளைவும்தான் காயங்களுக்குத் தலையாய காரணங்கள் என்று சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து சொல்லி, நேர்த்தடங்களையும் ஓட்டத்துக்கு ஆறே நாய்களையும் பரிந்துரைத்தார்கள். மெல்போர்னுக்கு அருகில் ஹீல்ஸ்வில்லில் ஒரு நேர்த்தடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தொழிலின் பெரும்பகுதி இன்னமும் வளைவுகளில்தான் நடக்கிறது.

பெரும்பாலான தடங்களில் கடிகாரச் சுற்றுக்கு எதிராக, எப்போதும் இடப்பக்கமாகவே திரும்பி ஓடுவதால், வலது பின்னங்காலின் குதிமூட்டுக்குள் உட்புறம் இருக்கும் ஒரு சிறிய எலும்பு மேன்மேலும் அழுத்தப்பட்டு ஒருநாள் நொறுங்குகிறது. நான் வேலை பார்த்த கால்நடை மருத்துவமனைக்கு அப்படி வந்த நாய்களை என்னால் மறக்க முடியாது. மேசையில் கிடத்தி அந்த மூட்டின் உட்பக்கத்தில் கட்டைவிரலை வைத்தால், வீக்கத்துக்கு அடியில் எலும்புத் துண்டு அசைவது தெரியும். அந்த நாய் கடிக்காது, குரைக்காது, தலையை மட்டும் திருப்பி என் கையைப் பார்க்கும். கிரேஹவுண்டின் பொறுமை அப்படிப்பட்டது, அதனால்தான் அதன் வலி பலருக்குத் தெரியாமலே போகிறது. உன் நாய் வந்ததும் அதன் வலது குதிமூட்டை இடது மூட்டோடு ஒப்பிட்டுத் தடவிப் பார். தடித்திருந்தாலோ மடக்கும்போது இறுக்கமாக இருந்தாலோ பழைய முறிவு இருந்திருக்கலாம். நடை நன்றாக இருக்குமானால் அஞ்ச வேண்டாம், ஆனால் மருத்துவரிடம் சொல்லி வை.

காயத்தைவிட என் மனத்தை அதிகம் வருத்தியது இன்னொன்று. 2015இல் இங்குள்ள ஏபிசி தொலைக்காட்சி, பயிற்சிக்காக உயிருள்ள பன்றிக்குட்டிகளையும் முயல்களையும் போசம் என்ற சிறு மரவிலங்குகளையும் கட்டித் தொங்கவிட்டு நாய்களை ஏவியதைப் படம்பிடித்துக் காட்டியது. அதையடுத்து நியூ சவுத் வேல்ஸ் அரசு அமைத்த ஆணையத்தின் தலைவர், உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி மைக்கேல் மெக்ஹியூ, 2016இல் கொடுத்த அறிக்கையில், முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த மாநிலத்தில் மட்டும் 48,891 முதல் 68,448 வரையிலான நாய்கள், போட்டிக்கு லாயக்கில்லை என்பதற்காகவே கொல்லப்பட்டிருக்கலாம் என்று கணக்கிட்டார். அவற்றில் பல ஒரு பந்தயத்தில்கூட ஓடாதவை. வெல்லும் ஒன்றுக்காகப் பலவற்றைப் பிறப்பிப்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை. அந்த மாநில அரசு 2016 ஜூலையில் தடை அறிவித்து, அக்டோபரிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கான்பெரா வட்டாரம் 2018இல் தடை செய்தது. அமெரிக்காவில் புளோரிடா மக்கள் அதே ஆண்டில் வாக்களித்து, 2020 முடிவோடு நிறுத்தினார்கள். தங்கள் நாய்களை உயிராக நேசித்த பயிற்சியாளர்களை நான் நேரில் அறிவேன். நாய்க்குத் தையல் போடும்போது பக்கத்தில் நின்று கண்ணீர் விட்டவர்கள் அவர்கள். தனிமனிதர்கள் நல்லவர்களாக இருந்தும் அந்த ஏற்பாடு தன் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை என்பதே நான் கண்டது. மருமகனிடம் இதைக் காட்டு.

இனி, நாய் வந்தபின் உனக்குப் பயன்படுவது. முதலில் அதன் இரத்தம். சாதாரண நாய்களுக்குச் சிவப்பணுக்களின் அளவு நூற்றுக்கு 37 முதல் 55 வரை இருக்கும். கிரேஹவுண்டுக்கு 50 முதல் 65 வரை இருப்பது இயல்பு. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் மற்ற நாய்களைவிடக் குறைவு. தைராய்டு சுரப்பு, ஆய்வுக்கூடம் அச்சிட்டுத் தரும் எல்லைக்கும் கீழே இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத் தைராய்டு நோய் என்று முடிவு செய்து, தேவையே இல்லாத மாத்திரைகளை ஆயுள் முழுக்கக் கொடுக்கப்பட்ட கிரேஹவுண்டுகள் உண்டு. இதயம் பெரியது, மெல்லிய முணுமுணுப்பும் கேட்கக்கூடும், சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் கிரியேட்டினின் அளவும் சற்று உயர்ந்தே இருக்கும். ஆகையால், உன் மருத்துவர் இளையவராக இருந்து எதையாவது நோய் என்று சொன்னால், “கிரேஹவுண்டுக்கு உரிய அளவுகளோடு ஒப்பிட்டீர்களா?” என்று தயங்காமல் கேள்.

மயக்க மருந்தும் அப்படித்தான். நான் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் எல்லா நாய்களுக்கும் கொடுத்த தயோபென்டோன், கிரேஹவுண்டின் உடலில் கொழுப்பு மிகக் குறைவாக இருப்பதாலும் அதன் கல்லீரல் அம்மருந்தை மெதுவாகவே சிதைப்பதாலும், அதை மணிக்கணக்கில் எழவிடாது. இப்போது வேறு நல்ல மருந்துகள் இருக்கின்றன. அதைவிட முக்கியம், அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, இரண்டாம் நாளில் திடீரென்று இரத்தம் கசிந்து காலெல்லாம் கருநீலமாகும் தன்மை இந்த இனத்தில் உண்டு. அதைத் தடுக்கும் மருந்தை முன்னதாகவே கொடுக்கலாம். பற்களைச் சுத்தம் செய்யவும் பிடுங்கவும் அநேகமாக முதல் ஆண்டிலேயே தேவைப்படும், ஏனென்றால் பந்தய நாய்களின் பற்கள் பெரும்பாலும் மோசமாகவே இருக்கும். அப்போதே இதைப் பற்றிப் பேசிவிடு. வயதான பிறகு ஒரு காலில் நொண்டல் வந்து சில நாட்களில் சரியாகாவிட்டால், சுளுக்கு என்று காத்திருக்காதே. உடனே எக்ஸ்ரே எடு. எலும்புப் புற்றுநோய் இந்த நாய்களை அதிகம் தாக்குகிறது. பாதத் திண்டுகளில் வரும் ஆணியும் நொண்டலுக்குக் காரணமாகலாம். அது எளிய காரியம்.

வீட்டுக்குள் அதற்கு எல்லாமே புதிது. உங்கள் வீட்டுத் தோட்டத்துக்குப் போகும் கண்ணாடிக் கதவில் கண்மட்டத்தில் காகிதப் பட்டை ஒட்டு. கண்ணாடி என்று ஒன்று இருப்பதே தெரியாமல் அது முழு வேகத்தில் மோதிவிடும், அதன் தோலோ பட்டுத்துணி போலக் கிழியும். வழுக்கும் தரையில் விரிப்புப் போடு. மாடிப்படியை அது பார்த்திருக்காது. ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். பட்டியில் எப்போதும் துணைக்கு நாய்கள் இருந்தன, ஆகவே தனிமையும் அதற்குப் புதிது. முதல் நாளிலேயே எட்டு மணி நேரம் விட்டுவிட்டுப் போகாமல், ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று பழக்கு. உட்காரச் சொல்லி வற்புறுத்தாதே, தொடைத் தசைகளின் கனத்தால் பல கிரேஹவுண்டுகளுக்கு உட்காருவது சிரமம். அதிகம் ஓடவிட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். காலையும் மாலையும் அரை மணி நேர நடை போதும், மீதி நாளெல்லாம் தூங்கும். கொழுப்பில்லாத உடல் என்பதால் கிறைஸ்ட்சர்ச்சின் குளிருக்கு ஒரு மேலங்கி கட்டாயம் வேண்டும்.

பேரன் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. பல கிரேஹவுண்டுகள் கண்ணைப் பாதி திறந்தபடியே தூங்கும். விழித்திருக்கிறது என்று நினைத்துக் குழந்தை போய்க் கட்டிப்பிடித்தால், தூக்கத்தில் திடுக்கிட்டு உறுமும், சில நேரம் கடிக்கவும் கூடும். அதில் கெட்ட குணம் ஏதுமில்லை. தூங்கும்போது யாருமே தொட்டறியாத உயிர் அது. அதன் படுக்கை அதற்கு மட்டுமே சொந்தம் என்றும், தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அது எழுந்து வரக் காத்திருக்க வேண்டும் என்றும் இப்போதே அவனுக்குச் சொல்லிப் பழக்கு. பழகிய பிறகு அதுவே தேடி வந்து அவன்மேல் முழு உடலையும் சாய்த்துக்கொண்டு நிற்கும். மல்லாந்து படுத்து நான்கு கால்களையும் மேலே நீட்டித் தூங்குவதையும் ஒருநாள் பார்ப்பீர்கள். அந்த நாய்க்கு உங்கள்மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது என்று அப்போது தெரிந்துகொள்ளலாம்.

பூனையோடு வாழத்தக்கதா என்று தத்துக் கொடுப்பவர்கள் சோதித்துச் சொல்வார்கள். அதை எழுத்தில் கேட்டு வாங்கு. சின்ன, சடைத்த முடியுள்ள நாய்களை அது நாய் என்றே அடையாளம் காணாமல் போகலாம், ஆகையால் முதல் சில மாதங்கள் அவற்றைத் தூரத்திலிருந்தே காட்டு, சந்தேகமாக இருந்தால் வாய்ப்பூட்டுப் போடு. பட்டியில் போட்டுப் பழகியதால் அது வருந்தாது. வேலியில்லாத இடத்தில் கயிற்றை ஒருபோதும் அவிழ்க்காதே, எவ்வளவு கீழ்ப்படிந்தாலும் சரி. அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் அசையும் ஒரு முயலை அது பார்த்துவிட்டால், நீ பெயர் சொல்லிக் கூப்பிட்டு முடிப்பதற்குள் சாலையைக் கடந்திருக்கும். அதன் தலை கழுத்தைவிட ஒடுங்கியது. சாதாரணக் கழுத்துப்பட்டை பின்வாங்கும்போது கழன்றுவிடும். இழுத்தால் இறுகி, விட்டால் தளரும் மார்டிங்கேல் பட்டையை, அகலமானதாகப் பார்த்து, நாய் வருவதற்கு முன்பே வாங்கி வை.

அது வந்து இரண்டு வாரம் கழித்து, அமைதியாக இருக்கும் ஒரு காலையில் இரத்தப் பரிசோதனை செய்துவிடு. நலமாக இருக்கும்போது எடுத்த அளவுகள் கையில் இருந்தால்தான் பின்னாளில் நோயைக் கண்டுபிடிக்க முடியும். முடிவுத் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. படித்துவிட்டு உன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதி அனுப்புகிறேன். அம்மா உறைகுளிருக்கு ஏற்றதாக ஒரு கம்பளி மேலங்கி பின்ன ஆரம்பித்திருக்கிறாள். கழுத்தடியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை முதுகின் நீளத்தையும், முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவையும் அளந்து சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா