மஞ்சள் நோட்டீஸும் ஒரு கடல்பெண்ணும்

அன்புள்ள மல்லி,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. நீ கோபப்படுவது நியாயம்தான். அம்மா நலம், முட்டிவலிதான் விட்டபாடில்லை. மாப்பிள்ளைக்கு மாற்றல் கிடைத்ததில் சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பரணைச் சுத்தம் செய்தபோது அந்த மஞ்சள் நோட்டீஸ் கிடைத்தது. பாம்பு பேசியது, ஆயிரம் பிரதி அடித்துக் கொடுக்காவிட்டால் ரத்தம் கக்குவாய் என்று இருக்குமே, அதேதான். இருபத்தொன்று எழுதிவிட்டு நீ தூங்கிப்போனாய், மீதியை நான்தான் எழுதினேன். இன்றுவரை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாய்!

அதைப் பார்த்ததும் அமபியே என்ற ஜப்பானியக் கடல்பெண் ஞாபகம் வந்தது. அவள் கதை 1846-இல் ஜப்பானில் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த ஒற்றைத் தாளில் இருக்கிறது. இந்த மாதிரித் தாள்களைக் கவராபன் என்பார்கள், தெருவில் உரக்கப் படித்து விற்பார்கள். ஹிகோ பகுதிக் கடலில் இரவுதோறும் ஏதோ ஒளிர்ந்ததாம். அதிகாரி ஒருவர் போய்ப் பார்த்தால், நீளக் கூந்தல், பறவை அலகு, உடம்பெல்லாம் செதில், கீழே மூன்று கால். "ஆறு வருஷம் விளைச்சல் நன்றாக இருக்கும். நோயும் பரவும். சீக்கிரம் என்னை வரைந்து எல்லாருக்கும் காட்டு" என்று சொல்லிவிட்டுக் கடலுக்குள் போய்விட்டதாம்.

மல்லி, அதில் மிரட்டலே இல்லை. காட்டாவிட்டால் சாவாய் என்று ஒரு வரி கிடையாது. காட்டினால் பிழைப்பாய் என்றும் இல்லை. 1819-இல் பேசப்பட்ட ஜின்ஜாஹிமே என்ற கடல்பெண்தான் தன் படத்தைப் பார்த்தவர்களை நோய் அண்டாது என்றாள். இவள் அதைக்கூடச் சொல்லவில்லை.

புரூஃப் பார்க்கிற எனக்கு இன்னொன்றும் மனதை விட்டுப் போகவில்லை. மற்றப் பிரதிகளில் இதே கதை 'அமபிகோ' என்ற பெயரில் வருகிறது. கடைசி எழுத்தைத் தவறாகப் படியெடுத்ததில் அமபியே பிறந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்தப் பெயரோடு கிடைத்திருக்கும் ஒரே தாள் கியோத்தோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

கொரோனா பரவிய 2020-இல் அந்த ஒரு தாளைப் பார்த்துத்தான் ஜப்பான் முழுக்க வரைந்தார்கள். சுகாதார அமைச்சகமே போஸ்டரில் போட்டது. அந்த வருஷம்தான் அண்ணனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வழியில்லாமல் நீ போனில் அழுதாய். எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை. பிறகு நான் எழுதாமல் இருந்ததற்கும் அதுவே காரணம்.

இந்தத் தாளின் பின்பக்கம் அவளை வரைந்திருக்கிறேன். மூன்று கால், எண்ணிப் பார். உன் பேரனிடம் காட்டு.

அன்புடன்,
வசந்தா