மெமோ வாங்கியவன் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விமான நிலைய விபத்துகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். நடுவில் ஒரு வரி மட்டும் தொண்டையில் நிற்கிறது: “பெரும்பாலான தரை விபத்துகளுக்குக் கடைநிலை ஊழியர்களின் அலட்சியமே காரணம்.” கட்டுரையாளர் விமானம் நிற்கும் இடத்தைப் பார்த்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏறும்போது ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்.

2015 டிசம்பரில் மும்பையில் ஏர் இந்தியா விமானத்தின் இன்ஜின் இழுத்து இறந்துபோன டெக்னீஷியனையும் அந்த வரிக்குக் கீழேதான் சேர்த்திருக்கிறார். அவர் செய்த அலட்சியம் என்ன? தரையில் ஆட்கள் விலகிவிட்டார்கள் என்ற சைகை வரும் முன்பே விமானம் நகர்ந்தது. செத்தவரால் மறுப்பு எழுத முடியாது, அவ்வளவுதான்.

1991 செப்டம்பரில் அமெரிக்காவின் டெக்ஸாஸில் விழுந்த கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் விமானத்தைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்திருக்கும். முந்தைய இரவு விமானத்தைப் பழுதுபார்க்கும் ஹாங்கரில், வால் இறக்கையின் இடது பக்கம் மேலே இருந்த 47 ஸ்க்ரூக்களைச் சாயங்கால ஷிப்ட் கழற்றியது. வேலை பாதியில் நிற்கிறது என்ற விவரம் அடுத்த ஷிப்டுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. காலையில் விமானம் பயணிகளோடு கிளம்பிவிட்டது. 14 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விசாரணை வாரியம் காரணம் என்று பராமரிப்பு ஆட்களையும் ஆய்வாளர்களையும் முதலில் வைத்து எழுதியது. ஜான் லாபர் என்ற உறுப்பினர் மட்டும் உடன்படவில்லை. விதிப்படி வேலை செய்யும் பழக்கத்தை நிர்வாகம் உண்டாக்கவும் இல்லை, வற்புறுத்தவும் இல்லை, அதையே காரணமாக எழுத வேண்டும் என்று தனியாகப் பதிவு செய்தார். அவர் எழுதி முப்பது வருடம் தாண்டிவிட்டது. தங்கள் அலுவலகத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை போலும்.

என் கதையையும் கேளுங்கள். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு ராத்திரி, ஷிப்ட் முடிகிற நேரத்தில், கருவிகளை மாட்டி வைக்கும் டூல் போர்டில் ஒரு டார்ச் இல்லை. சிவப்பு டேப் சுற்றி நம்பர் எழுதியது. இன்ஜின் கவருக்குள்ளோ சக்கரக் குழியிலோ கிடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. நான் சொன்னேன், விமானத்தை நிறுத்தினார்கள், கவர்களைத் திறந்து தேடினோம். கடைசியில் டார்ச் முந்தைய ஷிப்ட் ஆள் ஒருவரின் லாக்கரில் இருந்தது. எனக்கு என்ன கிடைத்தது தெரியுமா? ‘தேவையற்ற தாமதத்துக்கு விளக்கம் தரவும்’ என்று மெமோ! அப்புறம் எங்கள் ஷிப்டில் எது காணாமல் போனாலும் தானாகவே ‘கிடைத்துவிட்டது’.

அந்த மெமோவில் கையெழுத்துப் போட்டவரே, அடுத்த பாதுகாப்பு வாரத்தில் ‘தயங்காமல் சொல்லுங்கள்’ என்று மைக்கில் பேசினார். கேக் வெட்டினார்கள். போஸ்டர் எல்லாம் இங்கிலீஷ். பெட்டி ஏற்றி இறக்கும் லோடர்களை அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடவே இல்லை. அவர்கள் கான்ட்ராக்ட் ஆட்களாம். பெட்டிகளை மேலே ஏற்றும் பெல்ட் லோடர் வண்டியை விமானத்தின் கதவோரம் கொண்டுபோய் நிறுத்துவது மட்டும் அவர்கள்தான். உரசினால் ஓடிவந்து சொல்ல வேண்டும். சொன்னால் மறுநாள் உள்ளே நுழையும் பாஸ் இருக்காது.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் நடந்திருக்கிறது. 2005 டிசம்பரில் சியாட்டிலில் ஒரு கான்ட்ராக்ட் ஊழியர் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தை வண்டியால் இடித்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. 26,000 அடி உயரத்தில் அந்த இடத்தில் ஓட்டை விழுந்து கேபினில் காற்றழுத்தம் போனது. நல்ல காலம், திரும்பி வந்து இறங்கினார்கள். அந்த ஆளை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஏன் சொல்லவில்லை என்று கேட்காமல் அலட்சியம் என்று எழுதிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்கவில்லை.

இதைப் பற்றி முன்பும் தங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன். அந்த வாரம் விமானி ஒருவரின் பேட்டி நாலு பக்கம் வந்ததால் இடம் இல்லாமல் போயிருக்கலாம்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கண்ணில் படும் கோளாறை யாரும் தாமாகவே விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவுக்குத் தெரிவிக்க வழி இருக்கிறது. எங்கே, எப்படி அனுப்புவது என்று விசாரித்துத் தமிழில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். மீனம்பாக்கத்தில் லோடர்கள் டீ குடிக்கும் கடையில் உங்கள் இதழ்தான் கிடக்கிறது. ராசிபலன் பக்கத்திலேயே போட்டாலும் சரி, அதைத்தான் முதலில் பிரிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்பு ஊழியன்,
பல்லாவரம்.

(பெயர் வேண்டாம். மருமகன் இன்னும் அதே வேலையில் இருக்கிறார்.)