பிணை கிடைத்த பிறகும் உள்ளே இருப்பவனின் செலவு யார் கணக்கில்?

நுவரெலியா, பதுளை, கண்டி என்று எங்கள் வாக்கில் நாடாளுமன்றம் போன ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

வரவுசெலவுத் திட்டம் வந்தால் தேயிலைத் தோட்டத்தில் எல்லாரும் காதைக் கொடுப்பது சம்பளத்துக்குத்தான். அதற்கு அடுத்தது வீடும் காணியும். நானும் அப்படித்தான் இருந்தேன். தம்பியை ரிமாண்டில் போட்ட பிறகுதான் 232 என்ற எண்ணைத் தெரிந்துகொண்டேன். சிறைச்சாலைகள் திணைக்களத்துக்கான செலவினத் தலைப்பு அது. குழுநிலை விவாதத்தில் நீதி அமைச்சுக்கு ஒதுக்கும் நாளில் அதுவும் உங்கள் முன்னால் வரும். அன்றைக்கு எழுந்து பேசுவதற்கு முன் இதை ஒரு தடவை வாசியுங்கள்.

தம்பி செய்தது சரியா பிழையா என்பதை நீதிமன்றம் பார்க்கட்டும். இரண்டாவது தவணையிலேயே நீதவான் அவனுக்குப் பிணை கொடுத்துவிட்டார். இரண்டு பேர் சரீரப் பிணை நிற்க வேண்டும், அதாவது அவனுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைக்க வேண்டும், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழோடு. அம்மா ஒரு ஆள். இரண்டாவது ஆளாக மாமாவைக் கூட்டிப் போனோம். மாமாவின் அடையாள அட்டையில் பழைய தோட்டத்து விலாசம், சான்றிதழில் இப்போது இருக்கும் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) விலாசம். பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்து ஒரு தெரிந்தவர் வருவதாகச் சொல்லி வரவில்லை. மாமாவின் சான்றிதழை மாற்றி எடுக்கப் போனால் உத்தியோகத்தர் கூட்டத்துக்குப் போயிருந்தார். இப்படியே 19 நாள் ஓடிப்போனது. நீதவான் வெளியே விடச் சொன்ன பிள்ளைக்கு அரசாங்கம் 19 நாள் சோறு போட்டது, காவல் போட்டது.

அந்த 19 நாளும் எங்களுக்கும் செலவுதான். 2024இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். பார்க்கப் போகும் நாளில் அம்மாவுக்குப் பேர் இல்லை, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பிச் சமைத்து, இரண்டு பஸ் மாறிப் போய், வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். மேசையில் பையைக் கொட்டுவார்கள். சவர்க்காரக் கட்டியைக் கத்தியால் இரண்டாக வெட்டிப் பார்ப்பார்கள். பற்பசைக் குழாயை நசுக்குவார்கள். சோற்றுப் பார்சலைக் கரண்டியால் கிண்டுவார்கள். கருவாடும் பருப்பும் ஒன்றாகக் குழம்பித்தான் தம்பியிடம் போய்ச் சேரும். சோதிப்பது அவர்கள் வேலை, அதில் எனக்குக் குறை இல்லை. காவலர்களில் ஒருவர் அம்மாவை உட்காரச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தார். ஆனால் அந்த மேசையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று விளங்கியது. சவர்க்காரம், பற்பசை, பழைய பெட்ஷீட், உள்ளாடை என்று எல்லாக் குடும்பமும் ஒரே சாமான்களைத்தான் கொண்டுவந்திருந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த வாங்கிலும் யாரோ ஒரு குடும்பத்தார் அன்பளிப்பு என்று எழுதியிருந்தது. சிறையை நடத்தும் காசில் ஒரு பங்கு கொழுந்துக் கூடையிலிருந்து போகிறது. அது எந்தத் தலைப்பிலும் இல்லை.

நாட்டின் சிறைகளில் இருக்க வேண்டிய அளவைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஆட்கள் இருக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் விளக்கமறியல், அதாவது வழக்கு இன்னும் முடியாதவர்கள். சம்பளம், சாப்பாடு, மின்சாரம், தண்ணீர், அப்புறம் தவணைக்குத் தவணை நீதிமன்றம் கொண்டுபோய் வர பஸ், டீசல், கூடப் போகும் காவலர்கள். ஆள் கூடினால் இதில் எல்லாமே கூடும், அல்லது ஒவ்வொருவருக்கும் கிடைப்பது குறையும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது. 2020 நவம்பரில் மஹர சிறைக் கலவரத்தில் 11 பேர் செத்தபோது நெரிசலைப் பற்றி நாடே பேசியது. அதே வருஷம் மனித உரிமைகள் ஆணைக்குழுவும் சிறைகளைப் பற்றிய பெரிய ஆய்வை வெளியிட்டது. பிறகு 2023 டிசம்பரில் தொடங்கிய யுக்திய என்ற போதைப்பொருள் ஒழிப்புப் பொலிஸ் நடவடிக்கையில் மறுபடியும் ஆட்களைக் கொண்டுவந்து நிரப்பினார்கள்.

கட்டடம் கட்டினால் தீரும் என்று சொல்வார்கள். 1876இல் கட்டிய கண்டி போகம்பரைச் சிறையை 2014இல் மூடி, பல்லேகலைக்குக் கொண்டுபோனார்கள். பழைய கட்டடத்தில் மனிதரை வைக்க முடியாது என்பது சரிதான், மாற்றியதும் நல்லதுதான். ஆனால் வாசலில் வரிசை குறையவில்லை, ஏனென்றால் உள்ளே போகிற காரணம் மாறவில்லை. தண்டனை பெற்றுப் போகிறவர்களில் பெரும் பகுதியினர் தண்டப்பணம் கட்ட முடியாமல் போகிறவர்கள். சில ஆயிரம் ரூபாய் இல்லாத ஒருவரை அதைவிடக் கூடுதலாகச் செலவழித்து அடைத்து வைப்பதில் என்ன கணக்கு இருக்கிறது?

எங்கள் ஆட்களுக்கு இது புதுசும் இல்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தில் ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுப் போனாலே சிறை. சின்னக் காரணத்துக்கும் உள்ளே போவது என் பூட்டன் காலத்தில் தொடங்கிய கதை.

இதற்கு வேண்டிய சட்டம் இருக்கிறது. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி சிறைக்குப் பதிலாகச் சமுதாய வேலை கொடுக்கலாம். அதற்கென்று தனித் திணைக்களமே இருக்கிறது. அதற்குக் காசும் ஆளும், முக்கியமாகத் தமிழில் பேசி எழுதக்கூடிய உத்தியோகத்தர்களும் வேண்டும். அம்மா கையெழுத்து வைத்த படிவங்களில் ஒன்றைக்கூட அவரால் வாசிக்க முடியவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். வாய்மூல விடைக்கான வினாவாக நீதி அமைச்சரிடம் கேளுங்கள்: பிணை உத்தரவு கிடைத்தும் பிணைக்கு ஆள் இல்லாமலோ சான்றிதழ் இல்லாமலோ இன்றைக்கு உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர்? அவர்களில் நுவரெலியா, பதுளை மாவட்டத்தவர் எத்தனை பேர்? ஒருவருக்கு ஒரு நாளைக்கு என்ன செலவு? அந்த எண்கள் கைக்கு வந்தால், லயத்து விலாசத்தை ஏற்றுக்கொள்ள என்ன செய்ய வேண்டும், சட்ட உதவிக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுச் சபையில் பேசலாம். காணி உறுதிப் பத்திரம் இல்லாத வீட்டில் இருப்பவருக்கும் பிணை நிற்கும் யோக்கியதை உண்டு என்று ஒரு சுற்றறிக்கை வந்தாலே எத்தனையோ பேர் வெளியே வருவார்கள்.

எங்கள் வீட்டில் தம்பிக்குச் சாமான் கொண்டுபோன பிளாஸ்டிக் பை ஒன்று இருந்தது, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மாதிரிப் பை. போன கிழமை பக்கத்து லயத்து அக்கா அதைக் கேட்டு வாங்கிப் போனார். அவருடைய மகனுக்குப் பிணை கிடைத்து இன்றைக்கு 12 நாள் ஆகிறது. கேள்வியைக் கொஞ்சம் சீக்கிரம் கேளுங்கள்.

இப்படிக்கு,
பொகவந்தலாவையிலிருந்து ஓர் அக்கா