பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது

மதுரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ எழுதிய பில் போடும் சாஃப்ட்வேரை வாங்கிய கீழமாசி வீதி மளிகைக்காரர் நேற்றும் எனக்குத்தான் போன் போட்டார். உனக்கு அடித்தால் மணி போய்க்கொண்டே இருக்கிறதாம். வேலை மும்முரமாக இருக்கும் என்று சொல்லிவைத்தேன்.

புது கம்ப்யூட்டரில் உன் இன்ஸ்டாலரை, அதுதான் சாஃப்ட்வேரை ஏற்றும் ஃபைலை, இறக்கித் திறந்ததும் விண்டோஸ் நீலப் பெட்டியில் எச்சரிக்கை காட்டியிருக்கிறது. 'மோர் இன்ஃபோ', அப்புறம் 'ரன் எனிவே' அமுக்கச் சொன்னேன். கேட்கத் தெரிந்தவர், கேட்டார். கேட்காதவர்கள் வைரஸ் என்று மூடிவிட்டுப் போயிருப்பார்கள், அது உன் காதுக்கே வராது. சாஃப்ட்வேர் உன்னுடையதுதான் என்று கையெழுத்துப் போடுகிற சைனிங் சான்றிதழைப் புதுப்பிக்கவில்லையா? 2023 ஜூனிலிருந்து அந்தக் கையெழுத்துச் சாவியை யூ.எஸ்.பி. டோக்கன் மாதிரி தனி ஹார்டுவேரில்தான் வைக்க வேண்டும், செலவு கூடுதல்தான். இருந்தாலும் வாங்கிவிடு. வாங்கிய மறுநாளே எச்சரிக்கை நின்றுவிடாது, பலர் இறக்கி விண்டோஸிடம் நல்ல பெயர் சேர வேண்டும். சைன் பண்ணும்போது டைம்ஸ்டாம்ப், அதாவது கையெழுத்திட்ட நேரத்தின் முத்திரை, சேர்த்துக்கொள். சேர்த்தால் சான்றிதழ் காலாவதியான பிறகும் பழைய இன்ஸ்டாலர் செல்லும். பணம்தான் இடிக்கிறது என்றால்... சரி, அது கிடக்கட்டும்.

2025 செப்டம்பர் 22-ல் ஷாம்பு, தலை எண்ணெய், பற்பசை எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கினதே, அன்றைக்கு நீ பண்ணியிருந்த வேலையை விளக்குத்தூண் பக்கம் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொருள் பட்டியலில் வரியை நேரே மாற்றிய கடைகளில் பழைய பில்லைத் திரும்ப அச்சடித்தால் 5 என்று வந்தது. நீ வரியைத் தேதியோடு கட்டி வைத்திருந்ததால் 20-ஆம் தேதி விற்ற ஷாம்பு திரும்பி வந்தபோது அதற்கான வரவுச் சீட்டு, அந்தக் கிரெடிட் நோட், ஒழுங்காக 18-லேயே விழுந்தது. அத்தனைக்கும் ஒரு பைசா வாங்கினாயா?

'ஒரு தடவை வாங்கினால் ஆயுசுக்கும்' என்று விற்காதே என்று எத்தனை தடவை சொல்வது! அவர்களுக்கு ஆயுசு, உனக்கு ஆயுள் தண்டனை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு இலவச ஆதரவு முடிந்தது, கடைகள் மெஷின் மாற்றுகின்றன. மதர்போர்டு எண்ணோடு பிணைத்த உன் லைசென்ஸ் புது மெஷினில் செல்லாது, பழைய பில் பிரிண்டருக்கு டிரைவர் இருக்காது, எல்லாப் போனும் உனக்குத்தான். ஆறாயிரத்துக்கு விற்றால் வருஷம் ஆயிரத்து இருநூறு ஏ.எம்.சி., அதாவது பராமரிப்புக் கட்டணம், கேள். மெஷின் மாறினால் புது லைசென்ஸ் கேட்காமல் பதினைந்து நாள் தானாக ஓட விடு, தீபாவளி வாரத்தில் கவுண்டர் நின்றால் உன்னைத் திட்டமாட்டார்கள், என்னைத்தான் திட்டுவார்கள். ஏ.எம்.சி. கட்டாதவனுக்கு அப்டேட்டையும் போனையும் நிறுத்து. பில் போடுவதை மட்டும் நிறுத்தாதே, கணக்கு அவன் சொத்து.

பேக்கப் பட்டன் இன்னும் ஃபைலை அப்படியே காப்பி அடிக்கிறதே, ஏன்? கவுண்டரில் பில் ஓடும்போது கணக்கெல்லாம் இருக்கிற எஸ்.க்யூ.லைட் டேட்டாபேஸ் ஃபைலைக் காப்பி எடுத்தால் கடைசி பில்கள், புதுப் பதிவுகளை முதலில் எழுதிவைக்கும் பக்கத்து 'வால்' (WAL) ஃபைலிலேயே தங்கிவிடும், சமயத்தில் டேட்டாபேஸே கெட்டுப்போகும். எஸ்.க்யூ.லைட்டே பத்திரமாகக் காப்பி எடுக்கத் தருகிற பேக்கப் ஏ.பி.ஐ. அல்லது 'வேக்யூம் இன்டூ' கட்டளை போடு. எடுத்ததைத் திறந்து, பழுதில்லையா என்று பார்க்கும் 'இன்டெக்ரிட்டி செக்' ஓட்டிய பிறகு 'முடிந்தது' என்று காட்டு. இரண்டு கவுண்டர் கடைகளில் ஷேர்டு ஃபோல்டரில் டேட்டாபேஸ் வைக்க விடாதே, இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதாமல் தடுக்கும் பூட்டு நெட்வொர்க் வழியாகச் சரியாக விழாது. ஏ.எம்.சி. விஷயத்தையும் மறக்காதே.

சின்ன மாமா இலந்தைக்குளம் எல்காட் ஐ.டி. பார்க்கில் ஆள் எடுக்கிறார்கள் என்றார். நான் வாயே திறக்கவில்லை. நீ இதை நிறுத்தப்போவதாக இருந்தால், எனக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, கடைக்காரர்களுக்கு மூன்று மாதம் முன்னாலேயே சொல்லிவிடு. சரக்கு, பாக்கி, பில் மூன்றையும் எக்செலில் எடுக்க ஒரு பட்டனும், உன் சர்வரைக் கேட்காமல் திறக்கும் ஒரு லைசென்ஸ் சாவியும் கொடுத்துவிட்டு நிறுத்து. நிறுத்தாவிட்டாலும் அந்தப் பட்டன் இருக்கட்டும்.

அம்மா உன் அக்கவுண்டில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், நீயும் காட்டிக்கொள்ளாதே.

அன்புடன்,
அப்பா