பாலஸ்தீன அருங்காட்சியகம் தொடங்கவிருக்கும் தோழிக்கு

அன்புள்ள தோழிக்கு,

வணக்கம். பாலஸ்தீனக் குடும்பங்களோடு சேர்ந்து அருங்காட்சியகம் அமைக்கக் கட்டடம் தேடுவதாக எழுதியிருந்தீர்கள். கட்டடம் கொஞ்சம் பொறுக்கட்டும். மேற்குக் கரையிலுள்ள பிர்சைத் ஊரில் பாலஸ்தீன அருங்காட்சியகத்தை 2016 மே மாதம் திறந்தபோது உள்ளே காட்சிப்பொருள் ஒன்றுமில்லை. முதல் கண்காட்சி 2017 ஆகஸ்டில்தான் தொடங்கியது. வாஷிங்டனில் பாலஸ்தீன மக்கள் அருங்காட்சியகத்தை நடத்துபவர்களோ முதலில் கண்காட்சியை ஊர் ஊராகக் கொண்டுபோய்விட்டு, 2019ல் நிலையான இடத்துக்கு வந்தார்கள். கையில் பணம் குறைவாக இருப்பவர்களுக்கு இதுதான் தோது.

முதல் செலவு பதிவேடு. பொருள் கைக்கு வந்த அன்றே எண், தந்தவர், ஊர், எந்த ஆண்டு எந்த வழியாக வெளியே வந்தது, யார் யார் கைமாறியது என எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். ஊர்ப்பெயர் மட்டும் போதாது. கலிலேயாவிலும் ஒரு பெத்லகேம் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தின் 16 துணை மாவட்டங்களில் எது என்றும் குறியுங்கள். 1948 போரில் மக்கள் வெளியேறி ஆளற்றுப்போன ஊர்கள் நானூறுக்கும் மேல். பலவற்றை இன்றைய வரைபடத்தில் தேடினால் கிடைக்காது.

எல்லாக் குடும்பத்துக்கும் வெளியேறிய ஆண்டு 1948 என்று போட்டுவிடவும் கூடாது. தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்குப் போன பெய்த் ஜாலா, பெத்லகேம் குடும்பங்கள் பல ஒட்டோமான் காலத்திலேயே கப்பலேறியவை. அவர்களுடைய பாலஸ்தீனோ கால்பந்துக் கழகமே 1920ல் தொடங்கியது. 1967 போரில் வெளியேறியவர்கள் கதை வேறு, 1991ல் குவைத்தை விட்டுப் போக நேர்ந்தவர்கள் கதை வேறு.

உங்களிடம் அதிகம் வரப்போவது தோப் என்கிற பூத்தையல் அங்கி. "பாட்டிக்குப் பாட்டி போட்டது" என்று சொல்லித்தான் தருவார்கள். மறுக்க வேண்டாம், உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நைந்துபோன அங்கியின் மார்புப் பட்டையை வெட்டியெடுத்துப் புது அங்கியில் வைத்துத் தைக்கும் பழக்கம் உண்டு. பட்டையைச் சுற்றி ஓடும் தையலும் அங்கியின் மற்றத் தையல்களும் ஒன்றுபோல இல்லையென்றால் ஒரே உடையில் இரண்டு காலம் இருக்கிறது என்று பொருள். பட்டையில் பட்டு நூலும் கீழே பளபளப்பேற்றிய பருத்தி நூலும் இருந்தால், கீழ்ப்பகுதி பெரும்பாலும் 1930களிலோ அதற்குப் பிறகோ தைத்தது. வளைந்து ஓடும் பூக்கொடிகள் ஐரோப்பிய வடிவப் புத்தகங்கள் வழியாக வந்தவை. பாலஸ்தீனத் தேசியக் கொடியின் நிறங்களும் நாட்டின் வரைபடமும் தைத்திருந்தால் முதல் இன்டிஃபாதா என்கிற, 1987ல் தொடங்கிய மக்கள் எழுச்சியின் காலத்தை நினையுங்கள். அதையும் "பழங்காலக் கிராம உடை" என்று எழுதி மாட்டுவது, தைத்த பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

துவைக்கவே கூடாது. சிவப்பு நூல் சாயம் விட்டால் அதோடு போச்சு. பூச்சி இருக்கும் என்ற சந்தேகம் வந்தால் பாலித்தீன் உறையில் காற்றை அழுத்தி எடுத்து மூடி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்க வேண்டாம். ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கட்டும், இல்லையென்றால் துணியில் நீர் கோத்துக்கொள்ளும். தொங்கவிட்டால் பூத்தையலின் கனமே தோளைக் கிழித்துவிடும். மடிப்புகளுக்குள் அமிலமற்ற தாளைச் சுருட்டி வைத்துப் படுக்கப் போடுங்கள். காட்சியில் வெளிச்சம் 50 லக்ஸுக்குள் இருக்கட்டும், சில மாதங்களுக்கு ஒருமுறை வேறு அங்கியை மாற்றுங்கள்.

பெத்லகேம் சிப்பி வேலைப்பாடுகளை ஒட்டுப்பலகை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். பலகையிலிருந்து கசியும் அமில ஆவி சிப்பியின் சுண்ணாம்பை அரித்து வெள்ளைப் பொடியாக்கிவிடும். பூஞ்சை என்று நினைத்துத் துடைப்பார்கள், இன்னும் கெடும். உலோக அலமாரிதான் சரி. விட்டுவந்த வீடுகளின் சாவிகளும் நிறைய வரும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். நாற்பது சாவியைச் சுவரில் மாட்டினால் அலங்காரமாகிவிடும். ஒரே சாவியை அதன் வாசல், தெரு, ஊர் விவரத்தோடு வைத்தால் ஆட்கள் நின்று படிப்பார்கள்.

நிலப் பத்திரம், ரேஷன் அட்டை போன்றவற்றை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்துவிட்டு அசலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பெரியவர்கள் பேச்சைப் பதியும்போது "எப்படி இருந்தது?" என்று கேட்டால் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள். "வீட்டிலிருந்து கிணற்றுக்கு எப்படிப் போவீர்கள்?" என்று கேளுங்கள், பக்கத்து வீடுகள், மரங்கள், சண்டைகள் எல்லாம் வரும். எழுதும்போது கிராமத்து அரபியை ஏட்டு அரபியாகத் திருத்த வேண்டாம். ஒலிப்பதிவை மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் ஒரே கையெழுத்து போதாது. அரங்கில் காட்டலாமா, இணையத்தில் போடலாமா, பெயர் சொல்லலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். மேற்குக் கரையிலோ காசாவிலோ உறவினர் இருப்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. பிறகு மனம் மாறினால் எடுத்துவிடச் சொல்லும் உரிமையையும் எழுதிக் கொடுங்கள்.

விளக்கப் பலகையில் அரபி முதலில் வரட்டும். சில வடிவமைப்பு மென்பொருள்களில் அரபி எழுத்துகள் ஒட்டாமல் தனித்தனியாகி, வரிசையும் தலைகீழாகிவிடும். மாதிரி அச்சை அரபி வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே அச்சகத்துக்குச் சரி சொல்லுங்கள்.

அன்புடன்,
அருங்காட்சியகப் பொருள்களைப் பாதுகாக்கும் பணியில் இருக்கும் நண்பர்கள்