ஒரே ஒரு நுழைவுச்சீட்டு

சுங்கை சிப்புட்

அன்பு மகன் குமரனுக்கு, அப்பா எழுதுவது.

நீ பேருந்தில் ஏற்றிவிட்ட மறுநாள் விடியற்காலையிலேயே நலமாக வந்து சேர்ந்தேன். மற்ற செய்திகளை அம்மா தொலைபேசியில் சொல்லியிருப்பாள். நான் எழுத உட்கார்ந்தது, சிங்கப்பூரில் நீ சுற்றிக் காட்டிய இடங்களைப் பற்றித்தான்.

பாடாங் திடலை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று எத்தனை ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது உனக்குத் தெரியும். 1943 ஜூலை 5ஆம் நாள் நேதாஜி அங்கே படையினர் முன் முழங்கியதைச் சொல்லும்போதெல்லாம், தாத்தா கையிலிருக்கும் ரப்பர் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றுதான் சொல்வார். எதிரே உள்ள பழைய நகர மண்டபத்தில்தான் 1945 செப்டம்பர் 12இல் ஜப்பானியர் சரணடைந்தனர் என்பதையும், அந்த மண்டபமும் 1939இல் எழுந்த உச்ச நீதிமன்றமும் இணைக்கப்பட்டு 2015 முதல் ஓவியக்கூடமாக இயங்குவதையும் நீ விளக்கியபோது, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறானே என்று பெருமையாக இருந்தது. கைதிகளை அடைத்துவைத்த சின்ன அறைகளின் முன் மட்டும் நீ எதுவும் பேசவில்லை.

எஸ்பிளனேடு பூங்காவில் இந்திய தேசிய ராணுவத்தின் நினைவிடத்தைத் தேடிக் காட்டினாய். 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டியதை, திரும்பி வந்த வெள்ளையர் செப்டம்பரிலேயே இடித்துவிட்டார்கள். இப்போது இருப்பது 1995இல் வைத்த அடையாளச் சின்னம். தாத்தா இருந்திருந்தால் உன் தலையைத் தடவியிருப்பார்.

ஆனால், தம்பி, நாம் சுற்றியது செவ்வாய், புதன், வியாழன். பெரியத்தையின் கருமாதிக்கு ஒருநாள் விடுப்பு தர மறுத்த அலுவலகம், இப்போது மூன்று நாள் தாராளமாகத் தருகிறது போலும். அந்த மூன்று நாளும் உன் கைப்பேசி ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும், முகம் வாடியிருக்கிறது.

தேசிய அருங்காட்சியகத்தில் எனக்கு மட்டும் சீட்டு வாங்கிக் கொடுத்து, “நான் பலமுறை பார்த்துவிட்டேன், நீங்கள் போய் வாருங்கள்” என்று படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாய். இன்னும் அதன் உள்ளே போனதில்லை என்று முதல்நாள் இரவுதான் சொல்லியிருந்தாய். 1887இல் திறந்த அந்தப் பெரிய கட்டடத்தில், இதுவரை எவரும் படித்தறியாத எழுத்துகள் கொண்ட சிங்கப்பூர்க் கல்லின் முன் சற்று நேரம் நின்றேன். அதற்கு மேல் பார்க்க மனம் ஓடவில்லை. பாதியிலேயே வெளியே வந்துவிட்டேன். கால் வலி என்று உன்னிடம் சொன்னது பொய். இவ்வளவு படித்தவன் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று பேருந்தில் வரும்போது கோபமாகவும் இருந்தது.

கோபப்பட எனக்குத் தகுதியில்லை. தோட்டத்தை விற்று எங்களை வேலையிலிருந்து நிறுத்தியபோது நீ ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாய். பலகை ஆலையில் வேலை கிடைத்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, நான்கு மாதம் தினமும் தூக்குச்சட்டியுடன் புறப்பட்டு, மாலைவரை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் நீ பள்ளி விட்டு அவ்வழியே வந்தபோது தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீ பார்த்தாயா என்று இன்றுவரை கேட்டதில்லை. அந்த நான்கு மாதமும் வீட்டுக்குக் கொடுத்த பணம், அம்மாவின் காப்பை அடகு வைத்து வந்தது. பிறகு அதை மீட்க முடியவில்லை. காப்பு திருடு போகவில்லை, தம்பி. லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்தவர்களோடு அம்மா இன்றும் பேசாமல் இருப்பது என்னால்தான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பின்னறையில் கிடந்த உரமூட்டைகளை நேற்று அகற்றிக் கழுவிவிட்டு, கட்டிலைப் போட்டிருக்கிறேன். எலித்தொல்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா