புல்லைக் கருக்கச் சொல்லாதே, தம்பி

பத்தாங் பெர்ஜுந்தை,
ஞாயிறு மாலை

அன்புத் தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

போன வாரம் நம் மூன்று ஏக்கர் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, "காடு மாதிரி கிடக்குது, ஆள் விட்டு மருந்து அடிச்சிடுங்க" என்றாய். நான் ஆள் விடவில்லை. விடப் போவதும் இல்லை.

எஸ்டேட்டில் பதினாறு வருஷம் மருந்து பம்பு சுமந்தவள் நான். பாராகுவாட் களைக்கொல்லி கலந்த கையில் நகம் கறுத்துக் கழன்றது. சோறு ஊட்டினால் "அம்மா கை நாத்தம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாய். கையுறை கேட்டோம், தரவில்லை. 2020 ஜனவரி 1 முதல் அந்த மருந்துக்கு நம் மலேசியாவில் தடை. செய்தி கேட்டு அன்று அழுதேன். என்னோடு பம்பு சுமந்த இரண்டு பேர் அதைக் கேட்க உயிரோடு இல்லை.

சரி, இப்போது வேறு மருந்து இருக்கிறது என்பாய். ஆனால் எந்த மருந்தானாலும் மண் மொட்டையாகிவிடும். மொட்டை மண்ணில் ஒரு பெருமழை விழட்டும், மேல்மண் முழுக்க பாரிட் வாய்க்காலுக்குள் இறங்கிவிடும். பாரிட் தூர்ந்தால் தண்ணீர் எங்கே போகும்? 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் உன் மாமா வீட்டார் மேல்மாடியில் இரண்டு நாள் கிடந்தது மறந்துவிட்டதா? இப்போதெல்லாம் மழை வந்தால் கொட்டித் தீர்க்கிறது, இல்லாவிட்டால் வாரக்கணக்கில் காய்கிறது.

மழை இல்லாமல் காய்வது இன்னும் மோசம். செம்பனை அன்றைக்கே வாடிக் காட்டாது. வறட்சியில் பழம் தராத ஆண் பாளையாகத் தள்ளும். குலை குறைவது இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் வறட்சியையே மறந்துபோய், உரம் போதவில்லை என்று காசைக் கொட்டுவோம். 1998-இல் மழை இல்லாமல் காய்ந்தபோது பெரணி மூடியிருந்த நிரையில் காலை வைத்தால் குளிர்ச்சி தெரியும். மருந்து அடித்த நிரையில் மண் வெடித்துக் கிடந்தது. என் காலுக்குத் தெரிந்த கணக்கு இது.

அதற்காக எல்லாவற்றையும் வளரவிடவில்லை. மரத்தடி வட்டமும் நடைபாதையும் கத்தியால் வெட்டியிருக்கிறேன், உதிரிப் பழம் பொறுக்க வேண்டுமே. லாலான் புல்லையும் கட்டைச் செடிகளையும் வேரோடு எடுக்கிறேன். வெட்டிய மட்டையை நிரைக்கு நடுவில் அடுக்கினால் அதுவே மக்கி உரமாகும். பாதையோரம் மஞ்சள் நடுவோடு வெள்ளைப் பூப் பூக்கும் துர்னேரா நட்டிருக்கிறேன். அதன் தேனுக்கு வரும் குளவிதான் செம்பனை ஓலையைத் தின்னும் உலாட் புங்குஸ் புழுவை அழிக்கிறது.

பக்கத்து நிலத்து மலாய்க்காரரும் இன்னும் நால்வரும் நானும் சேர்ந்து பாரிட்டைத் தூர்வாரினோம், எஸ்டேட்டுகளில் வைப்பதைப் போல எலி பிடிக்கும் கூகை ஆந்தை தங்க ஒரு பெட்டியும் நட்டோம். ஆந்தை அலறினால் சாவு வரும் என்று உன் பாட்டி பயப்படுவாள். இப்போது அதன் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. எலிக்கு விஷம் வைக்க வேண்டாம் என்று ஆறு பேரும் பேசி வைத்திருக்கிறோம். விஷம் தின்ற எலியைத் தின்றால் கூகையும் செத்துவிடும்.

தீபாவளிக்கு முதல் நாள் இரவே வந்துவிடு. அந்தப் பூ மதியத்துக்குள் மூடிவிடும், காலையில் போனால்தான் பார்க்கலாம். பழைய சப்பாத்து எடுத்து வா, பாரிட் ஓரம் சேறாக இருக்கும்.

உன் அம்மா